கோட்டு முனையில் ஒரு முடிச்சு

காலை ஆறரைக்கே குழாய்த் தண்ணீர் கை சுடும் பதத்தில் வந்தது. அவசரப் பிரிவின் பின்வாசலில் நின்று, ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பிடித்து, நர்ஸ் கலஃப் ஸ்ட்ரெச்சர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். இரவு ஒரு கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டவர்களின் குண்டு மூன்று பேர் மேல் இறங்கியிருந்தது. சக்கர இடுக்குகளில் அவர்களுடைய ரத்தம் கறுத்து ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டுவதற்கென்றே பழைய பல் பிரஷ் ஒன்று வைத்திருந்தான். நேற்று எட்டு மணிக்குத் தொடங்கிய டியூட்டி இன்று எட்டு மணிக்கு முடியும். வீட்டுக்குப் போய்க் குளித்து, சூடான ரொட்டியும் எருமைப் பாலாடையும் தின்று படுக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை.

நாணல் ஏற்றும் பிக்கப் வண்டி ஒன்று சரிவுப் பாதையில் பின்பக்கமாகவே ஏறி வந்தது. மாடி இல்லாத கட்டடம் அது. முன்வாசலிலும் பின்வாசலிலும் ஸ்ட்ரெச்சர் தள்ளப் படிக்குப் பதிலாகச் சரிவு கட்டியிருந்தார்கள். வண்டியில் நாணல் கட்டுகளுக்கு மேல் ஒரு இளைஞன் கிடந்தான். அவன் தலையை மடியில் வைத்திருந்த பெண் கறுப்பு அபாயாவால் அவனுக்கு வெயில் மறைத்தாள். வண்டி ஓட்டி வந்தவர் இறங்கியதும் தலைத்துணியை இழுத்து முகத்தைத் துடைத்தார்.

"கரைமேல மோட்டார் சைக்கிள் சறுக்கிடுச்சு தம்பி. சீக்கிரம் தூக்குப்பா" என்றார்.

அவர் பெயர் லஃப்தா. சதுப்பில் எருமை வைத்திருப்பவர். அடிபட்டவன் அவர் மகன் ஸாமில், இருபத்திரண்டு வயது. பெண் அவருடைய மூத்த மகள் ஹஸ்னா. கத்தரியால் கால்சட்டையை வெட்டியபோது இடது தொடை தண்ணீர்த் தோல்பை போல உப்பியிருந்ததைக் கலஃப் பார்த்தான். வயிற்றின் பக்கவாட்டில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடி குத்திய இடம் ஊதா நிறத்தில் விரிந்துகொண்டிருந்தது.

டியூட்டி டாக்டர் ஹாரித் வடக்கே மோசூல்காரன். தெற்கே வந்து ஒரு வருடமாகிறது. இருபத்து மூன்று மணி நேரம் நின்றதில் பாதம் வீங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு போட்டிருந்தான். ஆனாலும் அவன் பழக்கம் மாறவில்லை. முக்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்த பிறகுதான், ஸாமிலின் தகப்பன் என்று மரியாதையாக அழைத்துப் பேசினான்.

"அபூ ஸாமில், முதல்ல நீங்க உட்காருங்க. நீங்களும் விழுந்துட்டீங்கன்னா எனக்கு ரெண்டு கட்டில் வேணும். காலியா இருந்ததே இது ஒண்ணுதான்."

லஃப்தா உட்காரவில்லை. மகளைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினார். திரையை இழுத்து மூடினார். திரைக்கு இந்தப் பக்கம் குளுக்கோஸ் பாட்டிலில் குழாய் செருகிக்கொண்டிருந்த கலஃபை அவர் கவனிக்கவில்லை. குனிந்து ஹாரித்தின் வெள்ளைக் கோட்டு முனையைப் பிடித்தார். அதில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

"அல்லாஹ்கிட்டயும் உங்ககிட்டயும் தஞ்சம் புகுந்தேன் டாக்டர்."

கலஃபின் கை நின்றது. அவன் அதே சதுப்பில் பிறந்தவன். துணி முனையில் முடிச்சு விழுந்துவிட்டால், அதைச் சுமப்பவன் தன் அண்ணன் தம்பியை எதிர்த்தாவது முடிச்சுப் போட்டவனைக் காக்க வேண்டும். போட்டவன்தான் அதை அவிழ்க்கலாம். இன்னொருவன் அவிழ்ப்பது முகத்தில் துப்புவதைப் போல.

"சொல்லுங்க" என்றான் ஹாரித்.

"இவனுக்கு ரத்தம் உறையாது. பிறவியிலேருந்து. இவன் தாய்மாமன் பல்லு புடுங்கி, ரெண்டு நாள் ரத்தம் ஓடி மவுத்தாயிட்டான். பொண்ணுங்க வழியா வர்ற நோயின்னு பாக்தாத் டாக்டர் சொன்னாரு. எனக்கு ரெண்டு பொண்ணு. வெளியில தண்ணி வாங்கப் போனாளே, அவளை என் அண்ணன் மகன் மிஸ்பானுக்குப் பேசியிருக்கு. ரமலானுக்கு முன்ன கல்யாணம். இது தெரிஞ்சா அவ மட்டும் இல்லை, சின்னவளும் வீட்டோட கிடப்பா. காகிதத்துல எழுதாதீங்க. அந்தக் கட்டில் அட்டையை வாசல்ல நிக்கிற எவன் வேணா எடுத்துப் படிக்கிறான்."

ஹாரித் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். "எழுதலை. ஆனா எனக்கப்புறம் எட்டு மணிக்கு வர்ற டாக்டருக்கு மட்டும் காதுல சொல்லணும். சொல்லாம முடியாது."

"உங்க வாயால சொன்னா சரி. வேற யார் வாயாலயும் வேணாம்."

"உங்க மகன் எழுந்து உட்கார்ற வரைக்கும் இது என் கழுத்து மேல, அபூ ஸாமில்."

வலிக்கு ஊசி எதுவும் வேண்டாம் என்று ஹாரித் பாட்டில் மருந்தை மட்டும் மெல்ல ஏறவிட்டான். ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா கேட்டு ரத்த வங்கிக்குச் சீட்டு எழுதினான். காரணம் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டான். சீட்டைக் கலஃபிடம் கொடுத்தனுப்பும்போது அவன் கண்ணைப் பார்த்தான். கலஃப் தனக்குக் காதே இல்லாததுபோல முகத்தை வைத்துக்கொண்டான்.

எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, தர்கா ஜியாரத் முடித்துத் திரும்பிய மினிபஸ் ஒன்றை எண்ணெய் டேங்கர் நசுக்கிவிட்டதாகப் போன் வந்தது. அடுத்த கால் மணியில் இருபத்தோரு பேரைக் கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸில் ஏழு பேர், மீதிப் பேர் டாக்சியிலும் காய்கறி வண்டியிலும். ஒருவருடைய கை தோல் மட்டும் ஒட்டித் தொங்கியது. ஒரு கிழவி, வாயில் கண்ணாடித் தூளோடு, தன் செருப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தரையில் வழுக்கியது. கலஃப் படுக்கை விரிப்புகளை உருவித் தரையில் போட்டு நடந்தான்.

ஹாரித் பிளாஸ்டிக் ஏப்ரனை எடுத்தான். அதற்கு முன் கோட்டைக் கழற்றி, முடிச்சில் ரத்தம் பட்டுவிடாதபடி மடித்து மருந்து அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். கலஃபுக்கு அதைப் பார்த்து மனசு நிறைந்தது.

அடுத்த டியூட்டி டாக்டர் ஸர்மத், சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டு எட்டேகாலுக்குத்தான் வந்தான். பாக்தாத்தில் வளர்ந்தவன். எலும்பு அறுவை படிக்க இடம் கிடைத்திருந்தது, அடுத்த மாதம் போகிறான். பையைக் கூட இறக்கி வைக்காமல் ஒருவர் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான்.

எட்டே முக்காலுக்கு ஹாரித்தின் கையிலிருந்து கத்தரி விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"போடா, போய்ப் படு. நீ நின்னா உன்னையும் சேர்த்து நான் பார்க்கணும்" என்றான் ஸர்மத்.

"மூணாம் கட்டில்" என்று ஹாரித் அவன் சட்டையைப் பிடித்து அலமாரிப் பக்கம் இழுத்தான். இரண்டு தலைகளும் சேர்ந்திருந்தன. ஹாரித்தின் உதடு அசைவதையும் ஸர்மத் தலையாட்டுவதையும் கலஃப் தூரத்திலிருந்து பார்த்தான். ஆறாம் கட்டிலில் யாரோ ரத்தமாக வாந்தியெடுத்தார்கள். ஸர்மத் ஓடினான். "போன் பண்ணுடா" என்று திரும்பாமல் கத்தினான். ஹாரித் சிறிது நேரம் அங்கேயே நின்றான். பிறகு எதிரேயிருந்த டாக்டர்கள் விடுதிக்குச் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போனான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார் என்று கலஃப் நினைத்தான். அவன் டியூட்டியும் முடிந்திருந்தது. ஆனால் அன்று யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒன்பதரைக்கு ஸாமில் வலி தாங்காமல் கத்த ஆரம்பித்தான். அதற்குள் அவன் பெரியப்பா மகன் மிஸ்பான் ஐந்தாறு உறவுக்காரர்களோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றான். அகன்ற தோள்காரன்.

"இவ்வளவு நேரமா டாக்டர் ஒருத்தன் எட்டிப் பார்க்கலை. சித்தப்பா, நீ என்ன எருமையா ஓட்டிக்கிட்டு வந்தே, வாயை மூடிக்கிட்டு நிக்கிறே" என்றான்.

ஸர்மத்தின் கோட்டு கழுத்திலிருந்து கீழ்வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆணியில் சுத்தமாகத் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். நின்றபடியே ஸாமிலின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான்.

"மோட்டார் சைக்கிள்தானே? பழைய நோய் ஏதாவது உண்டா?"

லஃப்தா கோட்டையே பார்த்தார். அவர் முகத்தில் முதலில் ஒரு நிம்மதி வந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. அவர் வாய் திறந்தது.

கோட்டு முனை கட்டில் கம்பியில் மாட்டி இழுத்தது. ஸர்மத் குனிந்து பார்த்தான். "எவன்டா இது, சின்னப் பிள்ளை மாதிரி" என்று சிரித்து, நகத்தால் முடிச்சை நெம்பி அவிழ்த்து, துணியை உதறிவிட்டான்.

"டாக்டர், அதை" என்று கலஃப் ஓரடி முன்னால் வந்தான். அதற்குள் துணி நேராகிவிட்டது. கசங்கிய சுருக்கம் மட்டும் அதில் இருந்தது.

லஃப்தாவின் வாய் மூடிக்கொண்டது.

"கேட்கிறேன்ல பெரியவரே. நோய், மருந்து ஏதாவது?"

லஃப்தா மிஸ்பானைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை" என்றார்.

"வலிக்கு வோல்ட்டரின் ஊசி ஒண்ணு போட்டுடு கலஃப். நான் அஞ்சாம் கட்டில்ல இருக்கேன்."

கலஃப் மருந்தை இழுத்தான். ஊசி முனையைப் பார்த்துக்கொண்டே நின்றான். அந்த ஊசி ரத்தத்தை இளக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஸர்மத்தின் பின்னால் போனான்.

"டாக்டர், மூணாம் கட்டிலைப் பத்தி ஹாரித் டாக்டர் உங்ககிட்ட சொன்னாருல்ல?"

ஸர்மத் ஒரு தொடையில் கட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். "சொன்னான், சொன்னான். மோட்டார் சைக்கிள், வயிறு, பிளாஸ்மா. எனக்கு இருபத்தோரு பேர் இருக்காங்க கலஃப். போட்டுட்டு வந்து இங்கே பிடி."

கலஃப் திரும்பி வந்தான். தெரிந்துதான் சொல்கிறார் என்று எண்ணினான். டாக்டருக்குத் தெரியாததா நர்சுக்குத் தெரிந்துவிடும். மிஸ்பானின் மூச்சு அவன் கழுத்தில் பட்டது. பிஸ்மில்லா சொல்லி வலது தொடையில் ஊசியைப் போட்டான்.

பதினொன்றரை மணிக்கு ஹஸ்னாதான் முதலில் பார்த்தாள். ஊசி போட்ட இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்து மெத்தைக்குள் இறங்கியிருந்தது. ஸாமிலின் ஈறுகள் சிவந்து, உதட்டோரம் வழிந்தது. வயிறு பலகை மாதிரி ஆகியிருந்தது. முகம் சாம்பல் நிறம். அவள் அலறவில்லை. தம்பியின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஸர்மத் ஓடி வந்தான். நாடி பார்த்தான். "என்ன இது, எங்கேயிருந்து வருது?" என்று தனக்குத்தானே கேட்டான்.

"எங்களை ஏன்டா கேக்குறே?" என்றான் மிஸ்பான். "நீ போட்ட ஊசிதானே?"

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. ஸர்மத்தின் கண்ணாடி பறந்து கட்டிலுக்கடியில் போனது. மிஸ்பானின் ஆட்களில் இரண்டு பேர் வெளியே ஓடி, வண்டியிலிருந்து தடிகளைக் கொண்டு வந்தார்கள். சதுப்பில் எல்லார் வீட்டிலும் இருக்கும் தடி. முனையில் தார் உருண்டை காய்ந்து கல்லாகியிருக்கும். வாசல் காவலர்கள் இரண்டு பேரும் அந்தத் தடிகளைப் பார்த்தார்கள். ஒருவன் தேநீர்க் குவளையோடு சீட்டுக் கொடுக்கும் அறைக்குள் போய் உள்ளே தாழிட்டான். மற்றவன் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

மருந்து அலமாரியின் கண்ணாடி முழுவதும் ஒரே அடியில் இறங்கியது. ஸர்மத் ஓடவில்லை. ஸாமிலின் தொடையிலிருந்து ரத்தம் வந்த இடத்தை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தான். "விட்டா இவன் செத்துடுவான், கொஞ்சம் இருங்க, அப்புறம் அடிங்க" என்றான். தார் உருண்டை அந்தக் கை மேலேயே விழுந்தது. காய்ந்த நாணல் கட்டை மிதித்ததுபோல ஒரு சத்தம். இரண்டாவது அடியும் அதே கை மேல். அவன் தரையில் சரிந்தான். முதுகிலும் விலாவிலும் மிதித்தார்கள். பஸ்ஸில் அடிபட்ட கிழவி தன் படுக்கையிலிருந்து, "விடுங்கடா பாவிங்களா, என் நெத்தியைத் தைச்ச பிள்ளைடா அது" என்று கத்தி, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எறிந்தாள். அது யார் மேலும் படவில்லை.

கலஃப் அவன் மேலே விழுந்து மறைத்தான். அவனுக்கும் தோளில் ஒன்று விழுந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்து வீசினார்கள். போய் விழுந்த இடத்தில் லஃப்தாவின் கால்கள் இருந்தன. அவர் சுவரோடு சாய்ந்து, வாய் மூடி, தஸ்பீஹ் மணிமாலையைக் கையில் இறுக்கி நின்றார். மணி நகரவில்லை.

கலஃப் முழங்காலில் நிமிர்ந்தான். அவர் தோளிலிருந்து தொங்கிய தலைத்துணியின் முனையை எட்டிப் பிடித்தான். விரலெல்லாம் வழுக்கியது. பல்லாலும் கையாலும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டான்.

"அபூ ஸாமில், அல்லாஹ்கிட்டயும் உங்ககிட்டயும் தஞ்சம். எனக்கு இல்லை. அந்தா கீழே கிடக்கிற மனுசனுக்கு."

லஃப்தா முடிச்சைப் பார்த்தார். பிறகு சுவரை விட்டு நகர்ந்தார். மெதுவாகத்தான் போனார். தன் மேலங்கியைக் கழற்றி ஸர்மத்தின் மேல் போர்த்தி, இரண்டு பக்கமும் கால் வைத்து அவன்மேல் நின்றார். தடி ஒன்று அவர் முழங்கையில் பட்டது. அவர் கையைத் தேய்க்கவில்லை.

"தள்ளு சித்தப்பா. உன் மகனைக் கொன்னவன்."

"என் மகன் இன்னும் சாகலை. இவன் என் தஞ்சத்துல இருக்கான். இவனை அடிக்கிறவன் என்னை அடிக்கணும்."

"கிறுக்குப் புடிச்சிடுச்சா உனக்கு? நீ பெத்த பிள்ளையா இவன்?"

"இந்தப் பையன் என்னை ரெண்டு தடவை கேட்டான். நோய் இருக்கான்னு. இல்லைன்னு சொன்னேன். உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் இல்லைன்னு சொன்னேன், மிஸ்பான்." லஃப்தா மகனின் கட்டிலைக் காட்டினார். "ஸாமிலுக்கு ரத்தம் உறையாது. அவன் அம்மா வீட்டு நோய். அந்த ஊசி அவனுக்கு விஷம். இப்ப தெரிஞ்சுகிட்டியா? தர்கால அடங்கியிருக்கிற அப்பாஸ் மேல ஆணை, இதுல ஒரு சொல் பொய்யில்லை."

அறையில் முனகல்கள் மட்டும் கேட்டன. மிஸ்பான் தடியைத் தாழ்த்தினான். ஹஸ்னாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஒரு கையால் தம்பியின் தொடையை, ஸர்மத் விட்ட இடத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். மிஸ்பானை அவள் பார்க்கவில்லை. அவன் தடியின் தார் முனையைத் தரை விரிப்பில் துடைத்தான். வெளியே போனான். மற்றவர்களும் போனார்கள்.

செருப்பில்லாமல், கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு ஹாரித் வாசலில் நின்றான். சத்தத்தில் எழுந்து ஓடி வந்திருக்கிறான். கண்ணாடித் துண்டுகள் மேல் நடந்து வந்ததில் அவன் பாதம் பட்ட இடமெல்லாம் சிவப்பாக இருந்தது.

"பிளாஸ்மா ஏறுச்சா?"

 கலஃப் ரத்த வங்கிக்கு ஓடினான். காலையில் எழுதிய சீட்டு, மேசையில், தேநீர்க் குவளைக்கடியில் இருந்தது. "காரணமே போடலையேப்பா, அவசரமில்லைன்னு நினைச்சேன்" என்றார் அங்கிருந்தவர். நான்கு பைகளை மார்போடு அணைத்துக்கொண்டு கலஃப் திரும்பி ஓடினான். ஹாரித் கேட்டனுப்பிய, ரத்தத்தை உறைய வைக்கும் மருந்து மாகாணத் தலைநகரிலிருந்து பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் ஒரு டாக்சியில் வந்தது. ஓட்டி வந்தவன் வாடகை வாங்க மறுத்துவிட்டான். அந்தி மக்ரிப் தொழுகைக்கு முன் ஸாமில் தண்ணீர் கேட்டான்.

ஸர்மத்தை நாலாம் கட்டிலில் கிடத்தினார்கள். மூன்று விலா எலும்பு முறிவு, தலையில் பதினொரு தையல். வலது கையில் எத்தனை எலும்பு முறிந்ததென்று எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ஹாரித் எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டான். மாவுக்கட்டை அவனே போட்டான்.

"காலையில நான் உன்கிட்ட சொன்னேனா? எனக்கே ஞாபகம் இல்லைடா" என்று கேட்டான்.

ஸர்மத் வீங்கிய உதட்டால் பேசினான். "மூணாம் கட்டில்ல ஒரு விஷயம்னு ஆரம்பிச்சே. அப்புறம் ஆறாம் கட்டில் வாந்தி எடுத்துச்சு. போனை எடுக்கலை நீ. ரெண்டு தடவை அடிச்சேன்."

"சார்ஜ் இல்லை."

"சரி விடு."

கலஃப் கட்டிலின் கால்மாட்டில் நின்றான். "எனக்குத் தெரியும் டாக்டர்" என்றான். "திரைக்குப் பின்னால நின்னு கேட்டுட்டேன். உங்களுக்கும் தெரியும்னு நினைச்சுத்தான் போட்டேன். போட்டது என் கை."

ஸர்மத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். பிறகு இடது கையை விரிப்பின் மேல் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி வைத்தான். கலஃப் அதைப் பிடித்துக்கொண்டான்.

இரவு முழுவதும் ஹஸ்னா மூன்றாம் கட்டிலுக்கும் நாலாம் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு ஒரு கரண்டி தண்ணீர், டாக்டருக்கு ஒரு கரண்டி. அவள் விரலில் நிச்சய மோதிரம் இருந்த இடம் வெளுத்திருந்தது. இஷா தொழுகைக்குப் பிறகு மிஸ்பானின் தங்கை வந்து வாசலில் நின்றபடியே அதை வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

காலை ஏழரைக்கு ஆஸ்பத்திரி டைரக்டர் வந்தார். கூடவே ஒட்டக ரோம மேலங்கி போட்ட மூன்று பெரியவர்கள். லஃப்தாவும் மிஸ்பானும் சேர்ந்த வம்சத்தின் தலைவர்கள். அவர்களுக்குக் காவலன் தேநீர் கொண்டு வந்தான், நேற்று அறைக்குள் தாழிட்டவன்தான்.

"ஸர்மத், மகனே" என்று டைரக்டர் ஒரு காகிதத்தை அட்டையில் வைத்து நீட்டினார். "போலீஸ் கேஸ் வேணாம். நீ கொடுத்தா அவங்களும் கொடுப்பாங்க, ஊசி போட்டதுக்கு. அப்புறம் பாக்தாத்ல உன் அப்பா வீட்டு வாசல்ல போய் நிப்பாங்க. அடுத்த மாசம் படிக்கப் போற பிள்ளை நீ. உனக்கு எதுக்கு இது?"

லஃப்தா எழுந்தார். "இந்தப் பிள்ளை என் தஞ்சத்துல" என்று ஆரம்பித்தார்.

"நீ உட்காரு லஃப்தா" என்றார் பெரியவர்களில் ஒருவர், குரலை உயர்த்தாமல். "உன் வீட்டு விஷயம் தனியா இருக்கு. அதை அப்புறம் பேசுவோம்."

லஃப்தா உட்காரவில்லை. தலைத்துணியில் கலஃப் போட்ட முடிச்சு இன்னும் அப்படியே இருந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸர்மத் காகிதத்தைப் படிக்க முயன்றான். கண்ணாடி இல்லை. கலஃப் வாங்கி மெதுவாக வாசித்தான். கை முறிவும் மற்ற காயங்களும், டியூட்டி நேரத்தில் ஆஸ்பத்திரிப் படியில் தவறி விழுந்ததால் ஏற்பட்டவை. யார் மேலும் எந்தப் புகாரும் இல்லை.

வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையால் எழுத வரவில்லை. பேனா இரண்டு தடவை நழுவியது. டைரக்டர் சட்டைப் பையிலிருந்து மை அட்டையை எடுத்தார். அதை அவர் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தார். ஸர்மத்தின் இடது கட்டைவிரலைப் பிடித்து நீல மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டினார். பெரியவர்கள் தேநீரைக் குடித்து முடித்து, நல்லபடியாகக் குணமாகட்டும் என்று துஆ செய்துவிட்டுப் போனார்கள்.

எட்டு மணிக்கு அடுத்த டியூட்டி டாக்டர் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு. கலஃப் அவரை முதலில் மூன்றாம் கட்டிலுக்குக் கூட்டிப் போய், லஃப்தாவைப் பார்த்துத் தலையசைத்து அனுமதி வாங்கிக்கொண்டு, டாக்டரின் காதோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னான். அவர் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை.

"இது?" என்றார் அவர், நாலாம் கட்டிலின் அட்டையைப் புரட்டி. "கை, விலா, தலை. எப்படி ஆச்சு?"

"அதுல போட்டிருக்கு டாக்டர்."

அவர் படித்தார். "படியில விழுந்தது" என்று சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதினார். "பாக்தாத்துக்கு அனுப்பிடலாம். வண்டி பின்னால நிக்குதா?"

கலஃப் பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றி ஸர்மத்தின் கட்டைவிரலைத் துடைத்தான். மை போகவில்லை. ரேகைகளுக்குள் இறங்கி, நகத்தைச் சுற்றிப் பரவியது. இன்னொரு பஞ்சை எடுத்தான். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை விடுவித்தான். தலைமாட்டை லஃப்தா பிடித்துக்கொண்டார். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நீண்ட ஒரே தளமான அந்தத் தரையில் சக்கரங்கள் எங்கும் இடறாமல் உருண்டன. சரிவில் மெல்ல இறங்கி, வெயிலுக்குப் போயின.